சலுகை வேண்டாத படங்கள்

ஆரம்பகால மௌனக் குறும்படங்களைப் பற்றிப் பேசும்போது விமர்சகர்களின் குரல் கொஞ்சம் குழைந்துவிடுகிறது. பள்ளி ஆண்டுவிழாவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பாடி முடித்ததும் எழும் கைதட்டல்தான் இந்தப் படங்களுக்கும் கிடைக்கிறது. அது பாட்டுக்கான கைதட்டல் அல்ல, வயதுக்கானது. இன்னொரு தரப்பார் வம்சாவளி எழுதுகிறார்கள்: முதல் குளோசப் யாருடையது, முதல் வெட்டு எந்தப் படத்தில் விழுந்தது, யாருக்கு எதன் தந்தை என்ற பட்டம். முதலாவது பரிவு, இரண்டாவது பட்டா விசாரணை. படத்தை எடை போடும் வேலை இரண்டிலும் நடப்பதில்லை.

1978-இல் பிரைட்டனில் திரைப்படக் காப்பகங்களின் பன்னாட்டு மாநாடு கூடி, 1900 முதல் 1906 வரையிலான படங்களை நூற்றுக்கணக்கில் போட்டுப் பார்த்தது. பின்னர் டாம் கன்னிங் முன்வைத்த ‘ஈர்ப்புகளின் சினிமா’ என்ற கருத்தும் சேர்ந்து ஒரு பெரிய பிழையைத் திருத்தியது. இப்படங்கள் பிற்காலக் கதைப்படத்தின் தேறாத முயற்சிகள் அல்ல, வேறு வகைக் காட்சிக் கலை என்பது நிலைநாட்டப்பட்டது. நல்ல திருத்தம்தான். ஆனால் அது இன்னொரு சலுகைக்கு வழிவிட்டது. ‘வேறு வகை’ என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டால், அந்த வகைக்குள் எது தேறும், எது தேறாது என்று கேட்க ஆளில்லாமல் போகிறது.

நான் இங்கே கையாளும் அளவுகோல் ஒன்றுதான். 17 மீட்டர் ஃபிலிம், ஏறத்தாழ 50 நொடி, அசையாத கேமரா என்ற தன் எல்லையை ஒரு படம் வடிவமாக மாற்றிக்கொண்டதா, அல்லது அதற்குள் அகப்பட்டுக்கொண்டதா? இப்படிக் கேட்டால் வழக்கமான தரவரிசை கலைகிறது.

லூமியேர் சகோதரர்களிடமிருந்து தொடங்குவோம். 1895-இல் எடுத்த தோட்டக்காரர் படம் எல்லோருக்கும் தெரிந்தது. அவர் குழாயால் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறார். பின்னால் வரும் பையன் குழாயை மிதிக்க, தண்ணீர் நிற்கிறது. அவர் குழாயின் முனையை முகத்துக்கு நேரே திருப்பிப் பார்க்கும் வேளையில் பையன் காலை எடுக்கிறான். காரணம், காத்திருப்பு, விளைவு, தண்டனை ஆகிய நான்கும் ஒரே ஷாட்டில் அடங்கியிருக்கும் கச்சிதம் பாராட்டுக்குரியது. ஆனால் என்னை நிறுத்திவைப்பது அடுத்து நடப்பது. பையன் ஓடுகிறான்; சட்டகத்தின் ஓரத்தில் பிடிபடுகிறான். கோபத்தில் இருப்பவன் பிடித்த இடத்திலேயே நாலு சாத்து சாத்துவான். இவரோ பையனைக் கேமராவுக்கு எதிரே இழுத்துவந்து நிறுத்தி அடிக்கிறார். நடிப்பாகப் பார்த்தால் இது பொய். சட்டகத்துக்கு ஓர் எல்லை உண்டு, நிகழ்ச்சி அதற்குள்தான் முடிய வேண்டும் என்ற புரிதலாகப் பார்த்தால் இது முதல்தரமான முடிவு. குறையும் நிறையும் ஒரே செயலில் இருக்கின்றன. ஒன்றைத் துறந்தால் மற்றதும் கிடைக்காது.

தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர் வெளியேறும் படத்துக்கும் ‘உள்ளதை உள்ளபடி எடுத்தது’ என்ற பெயர் தவறாகவே ஒட்டிக்கொண்டது. அதற்கு மூன்று பதிப்புகள் உண்டு. ஒன்றில் ஒற்றைக் குதிரை வண்டி, இன்னொன்றில் இரட்டைக் குதிரை, மூன்றாவதில் குதிரையே இல்லை. கதவு திறக்கத் தொடங்கி, கூட்டம் வெளியேறி, கதவு மூடுவதற்குள் 50 நொடி தீர வேண்டும் என்பதற்காகவே ஆட்களின் நடை முடுக்கப்பட்டிருக்கிறது. நம்மில் பலர் ‘பதிவு’ என்று நினைப்பது உண்மையில் திருத்தி எழுதிய பிரதி.

ரயில் படத்தைப் பற்றிய கட்டுக்கதையை இன்னும் சிலர் விடுவதாயில்லை. பார்த்தவர்கள் பயந்து நாற்காலியைவிட்டு ஓடினார்கள் என்பதற்கு அக்காலச் சான்று இல்லை. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸின் கிராண்ட் கஃபேயில் காட்டிய பத்துப் படங்களில் இந்த ரயில் கிடையாது; நாம் இன்று பார்க்கும் லா சியோட்டா பிரதி 1897-இல் எடுத்தது. இந்தக் கதையை நம்புவதில் விமர்சனத்துக்கு நஷ்டம் உண்டு. மிரட்சிதான் படத்தின் சாதனை என்றால் பெருமை ரயிலுக்குப் போய்விடும். சாதனை கேமரா வைத்த இடத்தில் இருக்கிறது. நடைமேடையின் விளிம்பை ஒட்டிச் சாய்கோணத்தில் வைத்ததால், தூரத்துப் புள்ளியாகத் தோன்றும் எஞ்சின் சட்டகத்தை மறைக்கும் அளவு வளர்கிறது. பிறகு இறங்குபவர்களும் ஏறுபவர்களும் கேமராவைத் தாண்டி நடக்க, சேய்மைக்காட்சி, இடைக்காட்சி, அண்மைக்காட்சி மூன்றும் வெட்டே இல்லாமல் கிடைத்துவிடுகின்றன.

இத்தனையும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். லூமியேர் பட்டியலில் 1,400-க்கு மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி அசையும் அஞ்சலட்டைதான்: ஊர்வலம், அணிவகுப்பு, கப்பல் துறை. இன்னும் கடுமையான குறையும் உண்டு. 1900-ஐ ஒட்டி இந்தோசீனாவில் காப்ரியேல் வேர் எடுத்த இரு படங்களை அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் ரிக்‌ஷாவிலிருந்து பின்னோக்கி எடுத்த கிராமத்துத் தெரு. கேமராவைத் துரத்திக்கொண்டு பிள்ளைகள் ஓடிவருகிறார்கள். பார்ப்பவருக்கும் பார்க்கப்படுபவருக்கும் இடையே அப்படியொரு கொண்டாட்டம் அக்காலப் படங்களில் அரிது. இன்னொன்றில் வெள்ளை உடை அணிந்த பிரெஞ்சுப் பெண்கள் சில்லறையை வாரி இறைக்கிறார்கள். பிள்ளைகள் மண்ணில் விழுந்து பொறுக்குகிறார்கள். தோட்டக்காரர் படத்தில் உள்ள அதே சட்டக ஒழுக்கம் இங்கும் குறைவில்லாமல் இருக்கிறது. வடிவத் தேர்ச்சி பார்வைக்கு உத்தரவாதம் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் இல்லை.

நாம் எடை போடுவது எந்தப் பொருளை என்பதும் ஒரு கேள்வி. கையால் சுழற்றி நொடிக்குச் சுமார் 16 பிம்பம் என்று எடுத்ததை 24-இல் ஓட்டி, எல்லோரும் குடுகுடுவென்று ஓடுவதைப் பார்த்துச் சிரித்த தலைமுறைகள் உண்டு. அந்தச் சிரிப்பு படத்தினுடையது அல்ல, புரொஜக்டரினுடையது. 2020-இல் செயற்கை நுண்ணறிவால் ரயில் படத்தை 4கே தெளிவுக்கு ஏற்றிப் பரப்பினார்கள். இல்லாத பிம்பங்களை இட்டு நிரப்பிய அந்த வழவழப்பில் ரயில் கிட்டே வந்தது, படம் தூரப் போனது. அக்காலத்திலும் படம் மூடிய பொருளாக இருந்ததில்லை. திருச்சியில் ரயில்வே வேலை பார்த்துவந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் கருவியையும் இயேசு வரலாற்றுப் படத்தையும் விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் காட்டினார். அப்படிப்பட்ட கொட்டகைகளில் எதை முன்னால் ஓட்டுவது, எந்த வேகத்தில் சுழற்றுவது, இடையில் எதை விளக்குவது என்பதெல்லாம் காட்டுபவரின் கையில் இருந்தது. ஆகவே தொடர்ச்சிக் குறை என்று நாம் எழுதும் பலவற்றை அன்றைக்கு ஒரு மனிதக் குரல் நிரப்பியிருக்கக்கூடும். இந்த ஐயத்தின் பலனைப் படங்களுக்குக் கொடுக்கலாம். அதற்கு மேல் கொடுப்பதற்கில்லை.

ஜார்ஜ் மெலியஸ் பக்கம் வந்தால் பேசுபவர்கள் எல்லோரும் 1902-இன் நிலவுப் பயணத்தில் போய் நின்றுவிடுகிறார்கள். அதன் தகுதிகள் மெய்யானவை. சூனியக்காரத் தொப்பி அணிந்த வானியலாளர்களின் கையில் தொலைநோக்கிகள் திடீரென்று முக்காலிகளாக மாற, எல்லோரும் அப்பாடா என்று உட்காரும் தொடக்கக் காட்சி அறிவுலகத்தைக் கேலி செய்யும் நேர்த்தியான நகைச்சுவை. பாரிஸில் எலிசபெத் துயிலியேயின் பட்டறைப் பெண்கள் பிம்பம் பிம்பமாகத் தூரிகையால் வண்ணம் தீட்டிய பிரதி ஒன்று 1993-இல் பார்சிலோனாவில் கிடைத்தது. செப்பனிடப்பட்டு 2011-இல் கான் விழாவில் அது திரையிடப்பட்ட பிறகு, கறுப்பு வெள்ளையை வைத்து எழுதிய தீர்ப்புகள் பலவும் மறுபரிசீலனைக்கு உரியவை ஆயின.

வானியலாளர்கள் ஏறிச் செல்லும் குண்டு நிலவின் கண்ணில் குத்துகிறது. அடுத்த காட்சியில் நிலவின் தரையில் மீண்டும் வந்து இறங்குகிறது. இதைப் பிழை என்று சுட்டுவது எளிது. அது அக்கால வழக்கம், ஒரே நிகழ்வை இரண்டு இடங்களிலிருந்து இருமுறை காட்டுவது என்று வாதிடுவதும் எளிது. என் ஆட்சேபம் வேறிடத்தில். இப்படத்தில் எல்லாக் காட்சிக்கும் ஒரே கனம். சபை விவாதம், பட்டறை, பீரங்கி வார்ப்பு, வழியனுப்பு என ஒவ்வொன்றும் மேடைத் திரை விழுந்து எழும் சீரில் வருகின்றன. குடையால் தட்டினால் புகையாக வெடிக்கும் நிலவுவாசிகள் முதல் தடவை வியப்பு; ஐந்தாம் தடவை வெறும் எண்ணிக்கை. சுமார் 14 நிமிட நீளம் கிடைத்ததும் மெலியஸ் சேர்த்துக்கொண்டே போகிறார், கட்டுவதில்லை.

அதே மனிதர் 1903-இல் எடுத்த இசைப்பித்தர் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில நிமிடம்தான் ஓடும். நடத்துனர் தன் தலையைக் கழற்றித் தந்திக் கம்பிகளின் மேல் வீசுகிறார், கழுத்தில் புதுத் தலை முளைக்கிறது, அதையும் வீசுகிறார். கம்பிகள் இசைத்தாளின் கோடுகள், தலைகள் சுரங்கள். ஒரே ஃபிலிமை மீண்டும் மீண்டும் பின்சுற்றி, முன்பு பதிந்த இடத்தைத் தொடாமல் அடுத்த தலையைப் பதிய வேண்டும். ஒரு தலை பிசகினால் அதுவரை எடுத்த அத்தனையும் பாழ். இங்கே தந்திரம் அலங்காரமாக இல்லை. அதுவே படத்தின் இலக்கணம். 1901-இல் எடுத்த ரப்பர் தலைப் படத்திலும் அப்படித்தான். துருத்தியால் ஊத ஊதத் தலை பெருக்க வேண்டும். அதற்குக் கேமராவை நகர்த்தாமல், சரிவில் ஓடும் வண்டியில் தானே உட்கார்ந்து கேமராவை நோக்கி வந்தார். நிலவுப் பயணம் புகழ்பெற்ற படம். இவ்விரண்டும் அதைவிட நல்ல படங்கள்.

இங்கிலாந்தின் பிரைட்டன் பக்கம் இயங்கிய ஜேம்ஸ் வில்லியம்சன் 1901-இல் எடுத்த பெருவிழுங்கல் படத்தில் மூன்றே ஷாட்டுகள். படம் எடுக்காதே என்று திட்டியபடி ஒருவர் கேமராவை நோக்கி வருகிறார். முகம் நிறைகிறது, வாய் நிறைகிறது, இருட்டாகிறது. அந்த இருட்டுக்குள் கேமராக்காரரும் கேமராவும் தலைகுப்புற விழுகிறார்கள். பிறகு அந்த மனிதர் திருப்தியாக மென்றுகொண்டு பின்வாங்குகிறார். கேமராவை விழுங்கிய பிறகு இதையெல்லாம் படம் பிடிப்பது யார் என்று தர்க்கம் கேட்கலாம். வில்லியம்சன் அதற்குப் பதில் சொல்லவில்லை, சொல்லாததுதான் நகைச்சுவை. நடு ஷாட் இல்லாமலிருந்தால் படம் இன்னும் கூர்மையாகியிருக்கும் என்பது என் எண்ணம். விழுங்கியதை நமக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒளிப்பதிவின் எல்லையையே கதைப்பொருளாக்கிய துணிச்சலில் இதற்கு ஈடான படங்கள் அக்காலத்தில் மிகக் குறைவு. அதே ஊர்ப்பக்கத்து ஜி. ஏ. ஸ்மித்தின் 1900-ஆம் ஆண்டுப் பாட்டி பூதக்கண்ணாடி, பாடநூல்களில் குளோசப்புக்காகப் புகழப்படுகிறது. படமாகப் பார்த்தால் அது ஒரு வரிசைப் பட்டியல்: கடிகாரம், பறவை, பாட்டியின் கண், பூனை. வரிசையை மாற்றினாலும் எதுவும் கெடாது. கண்டுபிடிப்புக்கு முழு மதிப்பெண் போடலாம், கட்டமைப்புக்குப் பாதிதான்.

அலிஸ் கீயை ‘முதல் பெண் இயக்குநர்’ என்ற பட்டத்தோடு நிறுத்திவிடுவதும் அதே பட்டா வேலைதான். அவருடைய 1906-ஆம் ஆண்டுப் பெண்ணியத்தின் விளைவுகள் படத்தில் ஆண்கள் தைக்கிறார்கள், துணி தேய்க்கிறார்கள். பெண்கள் மதுக்கடையில் கால்மேல் கால் போட்டுக் குடிக்கிறார்கள், வழியில் போகும் ஆணைச் சீண்டுகிறார்கள். கேலி யார்மீது என்பதைப் படம் கடைசிவரை இரண்டு பக்கமும் திருப்பிக்கொண்டே இருக்கிறது. ஒரே எண்ணத்தை இடையில் நழுவவிடாமல் முடிவுவரை கொண்டுசெல்லும் ஒழுங்கில், சமகால ஆண்கள் பலர் இவரிடம் பாடம் கேட்டிருக்கலாம்.

எட்வின் போர்ட்டரின் புகழைத்தான் நான் குறைத்தாக வேண்டும். அவருடைய 1903-ஆம் ஆண்டுத் தீயணைப்பு வீரர் படம், வீட்டுக்கு உள்ளும் வெளியும் மாறி மாறி வெட்டியதற்காகப் பல பத்தாண்டுகள் கொண்டாடப்பட்டது. அந்த வெட்டுகள் பிற்காலத்தில் யாரோ போட்டவை. 1912 வரை அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் சினிமாவுக்கென்று தனி இடம் இல்லாததால், தயாரிப்பாளர்கள் படத்தைக் காகிதத்தில் புகைப்படமாக அச்சிட்டு ஒப்படைத்தார்கள். காங்கிரஸ் நூலகத்தில் தங்கிய அந்தக் காகிதப் பிரதிதான் மூல அமைப்பைக் காட்டிக்கொடுத்தது: மீட்பு முதலில் முழுக்க உள்ளிருந்து நடக்கிறது, பிறகு முழுக்க வெளியிலிருந்து இன்னொரு முறை நடக்கிறது. தவறான பிரதியை வைத்துத் தந்தைப் பட்டம் கொடுத்தவர்களின் கதை இது. அதே ஆண்டில் அவர் எடுத்த ரயில் கொள்ளைப் படத்துக்கு வேகம் உண்டு. தந்தி அலுவலக ஜன்னலில் ரயிலைப் பொருத்திய கைத்திறன் உண்டு. எஞ்சின் மேலே நடக்கும் சண்டையும் நன்று, ஆளுக்குப் பதில் பொம்மையை வீசுவது பட்டவர்த்தனமாகத் தெரிந்தாலும். ஆனால் கொள்ளையன் நம்மை நோக்கிச் சுடும் அந்தப் புகழ்பெற்ற ஷாட்டைத் தொடக்கத்தில் வைத்தாலும் சரி, முடிவில் வைத்தாலும் சரி என்று விற்பனைப் பட்டியலே சொல்லியது. கதைக்கு வெளியே நிற்கும் அந்த ஷாட்தான் படத்தின் மிகச் சிறந்த ஷாட். மீதிப் படத்துக்கு இது பாராட்டு ஆகாது.

இரண்டே ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தில் செசில் ஹெப்வொர்த் தயாரித்து, லூயின் ஃபிட்ஸ்ஹாமன் இயக்கிய ரோவர் நாய்ப் படம், போர்ட்டர் எட்டாத இடத்தை அலட்டிக்கொள்ளாமல் எட்டியது. குழந்தை கடத்தப்படுகிறது. வீட்டு நாய் ஜன்னல் வழியே குதிக்கிறது. தெருவில் ஓடி, முனையில் திரும்பி, ஆற்றை நீந்திக் கடந்து, ஏழைக் குடியிருப்பின் வீட்டு வாசல்களை ஒவ்வொன்றாக மோந்துபார்க்கிறது. குழந்தையைக் கண்ட பின் அதே வழியில் திரும்புகிறது. மூன்றாம் முறை எஜமானரை அழைத்துக்கொண்டு அதே ஆறு, அதே முனை, அதே வாசல். மூன்று பயணத்துக்கும் கேமரா ஏறத்தாழ அதே இடங்களில் நிற்கிறது. முதல் ஓட்டத்தில் நமக்கு வழி தெரியாது, இரண்டாவதில் தெரிகிறது, மூன்றாவதில் எஜமானர் படகைத் தேடும்போது நமக்குப் பொறுமை போய்விடுகிறது. கேமராவின் அசையாமையையே பார்வையாளரின் நினைவாற்றலாக மாற்றிய வித்தை இது. ஆறரை நிமிடத்தில் சட்டகமும் வெட்டும் இடமும் பரபரப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. நடித்தவர்களில் பலர் ஹெப்வொர்த் குடும்பத்தார்; குழந்தை அவர்கள் வீட்டுக் குழந்தை, நாய் அவர்கள் வீட்டு நாய். பிரதிக்கு இருந்த கிராக்கியில் நெகட்டிவ் தேய்ந்துபோய், முழுப் படத்தையும் மறுபடி மறுபடி எடுக்க வேண்டிவந்தது. குறை இல்லாமல் இல்லை. கடத்துபவர் குடிகாரப் பிச்சைக்காரி. அந்தக் காலத்து நடுத்தர வர்க்கத்தின் அச்சத்தைப் படம் அப்படியே விழுங்கி அப்படியே கொடுக்கிறது. வடிவத்தில் இத்தனை புதுமை காட்டியவர்களுக்கு மனிதர்களைப் பற்றிச் சொல்லப் புதிதாக எதுவும் இருக்கவில்லை.

இருந்தவர் கிரிஃபித். பயோகிராஃப் நிறுவனத்தில் 1908 முதல் 1913 வரை நூற்றுக்கணக்கில் குறும்படம் எடுத்தவர். பிற்பாடு 1915-இல் அதே கைத்திறனை இனவெறிக்கு ஊழியம் செய்யவைத்தவர். 1909-இன் கோதுமைப் பதுக்கல் படத்தில் விதைப்பவர்கள், பதுக்கும் வணிகர், ரொட்டிக்கு நிற்பவர்கள் என மூன்று உலகங்கள். மூன்றும் ஒரு தடவைகூடச் சந்திப்பதில்லை. வெட்டு மட்டுமே அவற்றைச் சேர்க்கிறது. விருந்தின் ஆரவாரத்திலிருந்து ரொட்டிக்கடை வரிசைக்குப் படம் தாவும்போது, வரிசையில் நிற்பவர்கள் சிலைபோல அசையாமல் நிற்கிறார்கள். அசையும் படத்தில் அசைவை நிறுத்துவது ஒரு தீர்ப்பாக ஒலிக்கும் என்பதைக் கண்டுகொண்ட கணம் அது. வணிகர் தானியக் கிடங்குக்குள் விழுந்து கோதுமையில் புதைவது மட்டும் மலிவான நீதி. நிஜத்தில் பதுக்கல்காரர்களுக்கு அப்படி நேர்வதில்லை என்பது படத்துக்கும் தெரியும். அதனால்தான் அவர் இறந்த பிறகும் விதைப்பவர் பழைய வயலிலேயே நடந்துகொண்டிருக்கிறார். இந்தப் பதினான்கு நிமிடத்தை ஆரம்பகாலக் குறும்படத்தின் உச்சம் என்பேன். இதற்குப் பிறகு அர்த்தம் சட்டகத்திலிருந்து வெட்டுக்கு இடம்பெயர்கிறது. தோட்டக்காரரின் வகைப் படம் பிழைப்புக்கு வழியில்லாமல் போகிறது.

ஆகவே என் வரிசையில் கோதுமையும் ரோவரும் முதலில். அவற்றோடு தோள் உரசித் தோட்டக்காரரும் இசைப்பித்தரும். பெருவிழுங்கல் ஒரு படி கீழே. நிலவுப் பயணமும் ரயில் கொள்ளையும் அதற்கும் கீழே. மெலியஸ் எடுத்தவை ஐந்நூறுக்கு மேல். 1923-இல் அவரே தன் நெகட்டிவ்களை எரித்துவிட்டார். மிஞ்சியிருப்பவை பாதிக்கும் குறைவு என்பதால் அவரைப் பற்றிய பகுதி மட்டும் மேல்முறையீட்டுக்கு உட்பட்டது.

மரபு என்று பேசுவதானால் அதற்கு நேரடியான ஒரு சோதனையே நடந்திருக்கிறது. 1995-இல், நூற்றாண்டை ஒட்டி, உலகெங்கும் ஏறத்தாழ 40 இயக்குநர்களிடம் லூமியேரின் பழைய கருவியையே கொடுத்தார்கள். 52 நொடிக்கு மேல் கூடாது, ஒத்திசைந்த ஒலி கூடாது, மூன்று தடவைக்கு மேல் எடுக்கக் கூடாது. பெரும்பாலானவர்கள் கருவியைப் பற்றியே படம் எடுத்தார்கள்: கேமராவைப் பார்க்கும் கேமரா, நூற்றாண்டுக்கு ஒரு வணக்கம். பரிவின் பழைய நோய்தான். ஆனால் டேவிட் லிஞ்ச் 52 நொடிக்குள் பல காட்சிகளை அடக்கி, இடையே இருட்டை வைத்து, ஒரு கொலையின் சேதி வீட்டுக்கு வந்துசேரும் கொடுங்கனவை முழுமையாக்கினார். இன்னொருவரான கியரோஸ்தமி அடுப்பில் ஒரு வாணலியை வைத்தார். வெண்ணெய் உருகுகிறது, முட்டை வேகிறது, தொலைபேசி இயந்திரத்தில் ஒரு பெண் பேசிக்கொண்டிருக்கிறாள், எடுக்க ஆளில்லை. முட்டை வேகும் நேரமும் ஃபிலிம் தீரும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. தொழிற்சாலைக் கதவுக்கு லூமியேர் போட்ட கணக்கும் அதுதான். அந்த இயக்குநர்களில் லூமியேரின் வாரிசு என்று நான் ஒத்துக்கொள்வது இந்த இருவரைத்தான்.